உரிமையாளர் என்ற கட்டம்

ஐஸ் பெட்டிக்குள் நாற்பது பேருக்கு மருந்து.
பேர் என்றால் நாய்கள்.
வெயில் பெட்டிக்குள் இறங்குமுன் முடிக்கவேண்டும்.

கல்முனையில் வாய்க்காலோடு முடிந்துபோகிற ஒழுங்கை.
இந்தத் தலைப்பில் தமிழ் வீடுகள்,
அந்தத் தலைப்பில் எங்கட ஆட்கள்,
நடுவில் மாநகரசபைக் குப்பைத்தொட்டி
இரண்டு பக்கத்துக்கும் பொது.
அதன் நிழலில் ஒரு நாய்
காதில் ஈ மொய்க்கக் கிடக்கிறது.

"ஆருட நாய்?"

தையல்கார பத்மசீலன் மெஷினை நிறுத்தவில்லை.
"எங்கட இல்ல சேர். பொத்தான் சும்மா கிடக்கும்."
கொத்துக்கடை நிஜாம் தட்டுகளைத் துடைத்தபடி
"நம்மட இல்ல. சீஸர் ராவைக்கு மட்டும்தான் வாற."
டியூஷன் பொடியன்கள் சிரிக்கிறார்கள்:
"அதுவா? பிரின்சிபல்!
பெல் அடிச்சாத்தான் ஒழும்பும்."
கேற்றுக்கு வெளியே சிரட்டையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே
மிஸ்ரியா ராத்தா சொல்கிறார்:
"நாங்க நாய் வளக்கிறல்ல மகன்."

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு.
உரிமையாளர் பெயர்.
ஓர் அங்குல அகலம்.

போன வருஷம் அடுத்த ஒழுங்கையில்
இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் கெண்டைக்காலில்
நாலு பல்.
ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து
தகப்பனுக்கு நாட்கூலி போயிற்று.
பிள்ளை பிழைத்தது.
மறுகா அந்த ஒழுங்கையே மஃரிபுக்கு முந்திக் கதவடைத்தது.
சீனிக்காரக் கிழவர் நடையை விட்டார்.
பந்து விளையாட்டு இல்லை.
வெளியே கதிரை போட்டுக் கதைக்க ஒருவரும் இல்லை.
யாரோ இறைச்சிக்குள் எதையோ வைத்தான்.
யாரென்று எல்லாருக்கும் தெரியும்.
மூன்று நாய், ஒரு பூனை, இரண்டு காகம்.

ஒரு கிழமை நல்ல அமைதி.
பிறகு சந்தைப் பக்கமிருந்து வந்து சேர்ந்தன
பேர் சொன்னால் திரும்பாத நாய்கள்,
ஒருவர் கையிலும் தின்று பழகாதவை,
ஊசி காணாதவை.

விட்ட இடம் வெறுமையாகக் கிடக்காது,
தெரிந்த நாய்க்கு ஊசி போட்டு
இருந்த இடத்திலேயே இருக்க விடுங்கள் என்று
கூட்டத்தில் சொன்னேன்.
குறித்துக்கொண்டார்கள்.
தேத்தண்ணி வந்தது.

தவேந்திரன் வலையை வீசினான்.
நான் தொடையைப் பார்த்துக் குத்தினேன்.

அது போட்ட ஒரு சத்தத்துக்கு
நாலு வாசல் திறந்தது.

"மெல்லமாப் போடுங்க சேர்!"
மெஷின் நின்றிருந்தது.
நிஜாம் கரண்டியோடு நிற்கிறான்.
பொடியன்கள் வேலிமேல்.
ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டு
"பாவம், அதுக்கு வயிறு சரியில்ல, நேத்தே சொன்னன்" என்கிறார்,
யாரிடம் நேற்றுச் சொன்னாரோ.

கழுத்தில் சிவப்புப் பட்டி கட்டும்போது
பயத்தில் என் கையை நக்கியது.
கையுறை கிழிந்திருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
பத்மசீலன் மனுசி கிருபைராணி
ஒரு வாளி தண்ணீரும்
பூக்கண்டு வைக்க அரித்து வைத்த மண்ணில் ஒரு பிடியும்
கொண்டுவந்து வைத்தாள்.
கேட்கவும் இல்லை, விளங்கப்படுத்தவும் இல்லை.
ஐந்தா ஆறா என்று நான் தடுமாற
"ஆறு" என்றாள்.
"இன்னும் ஒண்டு கிடக்கு."

கட்டத்துக்குள் நாலு பேர் எழுதினேன்.
எழுத்து வெளியே வழிந்தது.
கந்தோரில் திருப்பி அனுப்பினார்கள்:
ஒரு நாய்க்கு ஓர் உரிமையாளர்.
நிஜாமை விட்டால் பத்மசீலன் கோபிப்பான்,
ராத்தாவை எழுதினால் ராத்தாவே கோபிப்பார்.
படிவம் இன்னும் என் லாச்சிக்குள் கிடக்கிறது.

இரண்டு கிழமை கழித்து அந்தப் பக்கம் போனேன்.
சிவப்புப் பட்டி இற்றுப்போய்
யாரோ மெஷின் தையல் போட்டிருந்தது.
கிழவர் ஒருவர் கைத்தடி இல்லாமல் நடக்கிறார்;
அடுத்த ஒழுங்கைக்காரர்.
நடக்க இங்கே வருகிறார் போல.

வீட்டுக்கு வந்தால்
என் வெள்ளைச் சேர்ட்டின்மேல் சாம்பல் பூனை.
தட்டில் மீன்முள்.
"இதுக்கு ஊசி போட்டதா?" என்கிறேன்.
பெண்சாதி அடுப்படியிலிருந்து:

"அது நம்மட இல்லியே."